காணாமல் போன ஆரம்பம்

அத்தியாயம் 6

திருட்டு நடந்த இடம் இத்தனை சுத்தமாக இருந்து ஃபிரடி பார்த்ததில்லை. தரையில் ஃபினாயில் வாசனை. சுவரோரம் பெயிண்ட் டப்பாக்கள் உயரவாரியாக நின்றன. தூரிகைகள் பெரிதிலிருந்து சிறிதுவரை படுத்திருந்தன. வெல்டிங் சிலிண்டரைச் சங்கிலி போட்டுக் கட்டியிருந்தார்கள். மூலையில் இருந்த குப்பைக் கூடையைச் சுற்றி மஞ்சள் டேப்பில் ஒரு சதுரம் ஒட்டி, அது நகராமல் இருக்க எல்லை வேறு வகுத்திருந்தார்கள்.

"திருடன் வந்து பெருக்கித் தொடச்சிட்டுப் போயிருக்கான்க்கா. அட்ரஸ் கெடச்சா குடு, என் ரூமுக்கும் ஒரு நடை வரச் சொல்றேன்" என்றான்.

லூர்தம்மாள் சிரிக்கவில்லை. சிரிப்பதற்கென்று அவர் வாரத்தில் ஒரு நாளை ஒதுக்கியிருந்தார். அது செவ்வாய்க்கிழமை இல்லை.

ஸ்ரீபெரும்புதூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, ஒரு லாட்ஜின் மாடியில் துப்பறியும் ஆபீஸ் வைத்திருக்கும் இந்த ஐம்பத்து நாலு வயது அம்மாள், அதற்கு முன் பதினோரு வருஷம் ஒரு கம்பெனி கேட்டில் பெண்கள் வரிசையைச் சோதித்து வெளியே அனுப்பியவர். ஷிஃப்டுக்கு எண்ணூறு பேர். ஜடைக்குள் ஒரு ஸ்க்ரூவை ஒளித்தவள் கழுத்தை எப்படித் திருப்புவாள் என்பது வரை அவருக்கு அத்துப்படி. ஃபிரடி கம்பெனி பஸ் ஓட்டியவன். வாய் அதிகம் என்று அனுப்பிவிட்டார்கள். வாயைக் கூடவே எடுத்துக்கொண்டு வந்து லூர்தம்மாளிடம் சேர்ந்தான்.

ஒரகடத்திலிருந்து வல்லக்கோட்டை போகும் சாலையில் இருந்தது அந்தத் தகர ஷெட். முன்பு அங்கே பிளாஸ்டிக் மூடி செய்தார்கள். இப்போது அது செந்தாமரையின் சிற்பக்கூடம். நாலு வருஷம் ஒரு கம்பெனியின் ஒயரிங் லைனில் நின்றுவிட்டு, ஒரு நாள் வேலையை உதறி, சிற்பம் படித்து வந்தவள். முப்பத்தெட்டு வயது. கையில் வெல்டிங் பொட்டுத் தழும்புகள். காலை பத்து மணிக்கு ஷெட்டைத் திறந்தவள், பத்தேகாலுக்கு லூர்தம்மாளுக்குப் போன் போட்டிருந்தாள்.

களவு போனவற்றை அவள் சொல்லச் சொல்ல ஃபிரடி நோட்டில் எழுதினான். கட்டை விரல் மட்டும் கறுத்த கையுறை, இடது கை, ஒன்று. பாத்திரம் இல்லாத டிபன் மூடி. இடது கால் சேஃப்டி ஷூ. பஸ் ஜன்னல் ரப்பர், இரண்டடி. அறுந்த ஐ.டி. கார்டு கயிறு. ஏழாவது சாமானோடு அவன் பேனா நின்றுவிட்டது.

"தாமிர ஒயர் ரோல் அங்கியே கீது. லேப்டாப் கீது. குப்பையை மட்டும் எடுத்துக்கினு போயிருக்கான். போலீஸ்ல சொன்னா மாலை போடுவாங்க."

"அது குப்பை இல்ல. அது ஆரம்பம்" என்றாள் செந்தாமரை.

அவள் வேலை தொடங்கும் விதமே அப்படி. ஒரு சிற்பம் செய்யப் போகிறாள் என்றால் முதலில் வரைய மாட்டாள், மண் பிசைய மாட்டாள். மனசில் ஒட்டிக்கொண்ட சாமான்களைத் தரையில் பரப்பி வைத்துவிட்டு, சுற்றிச் சுற்றி நடப்பாள். டீ குடிப்பாள். சில நாள் ஒன்றை ஒரு சாண் நகர்த்துவாள். சில நாள் அதுகூட இல்லை. இருபத்து மூன்று சாமான்கள் அங்கே நாற்பது நாளாகக் கிடந்தன. எந்த இடத்தில் எது என்று படம் எடுத்து வைத்திருக்கிறாளா என்று லூர்தம்மாள் கேட்டதற்கு, படம் எடுத்தால் முடிந்துபோன மாதிரி ஆகிவிடும், அதனால் எடுப்பதில்லை என்றாள்.

"தவக்காலமே நாப்பது நாள்ல முடிஞ்சிரும். அதுக்கப்புறமாச்சும் பிரியாணி உண்டு" என்று ஃபிரடி முணுமுணுத்தான்.

அவளுக்கு அன்று சிரிக்க நேரமில்லை. பிரேக் பாகம் செய்யும் கம்பெனி ஒன்று தன் மெயின் கேட்டுக்கு உள்ளே சிற்பம் நிறுத்தப் போகிறது. கடைசிச் சுற்றில் இரண்டே பேர். ஒருத்தி இவள். இன்னொருவன் குன்றத்தூரில் ஃபைபர் பொம்மை செய்யும் பிரவீன். அவன் ஏற்கெனவே பற்சக்கரத்தைத் தூக்கிப் பிடிக்கும் இரண்டு கைகளை ரெடியாகக் காட்டிவிட்டான். இவளுடைய ஆரம்பத்தைப் பார்க்க கம்பெனி ஜி.எம். வெங்கடேசன் மதியம் மூன்று மணிக்கு வருகிறார். பிரவீன்தான் ஆள் வைத்து எடுத்துவிட்டான் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை.

"இது போச்சுன்னா ஷெட்டைக் காலி பண்ணிட்டு மறுபடியும் லைன்ல போய் நிப்பேன்க்கா. நின்னா அப்புறம் வெளிய வர மாட்டேன். எனக்கே தெரியும்."

லூர்தம்மாள் தரையில் மண்டியிட்டார். பட்டறை மேஜையின் கால் இடுக்கில் ஏதோ மாட்டியிருந்தது. நகத்தால் நெம்பி எடுத்தார். சிவப்பு அட்டையின் கிழிந்த மூலை. அதில் தகரக் கண் பதித்த ஓட்டை, ஓட்டையில் கால் அங்குல நூல்.

பிறகு இரண்டு கேள்விகள் கேட்டார். பூட்டு உடைந்திருந்ததா? இல்லை. சாவி யார் யாரிடம்? தன்னிடம் ஒன்று, புருஷன் சாம்சனிடம் ஒன்று. சாம்சன் அதே பிரேக் கம்பெனியில் லைன் லீடர். சிபாரிசில் வாங்கினாள் என்று பேர் வரக் கூடாதென்று அவள் ஜி.எம்.மிடம் அதைச் சொல்லவில்லை. நேற்று நைட் ஷிஃப்ட் போனவர் காலையில் ஒன்பது வரை ஓ.டி., கூடுதல் நேர வேலை என்று மெசேஜ் போட்டிருந்தார். ஒன்பதேகாலுக்கு வந்து படுத்தவரை எழுப்ப மனசில்லாமல் அவள் கிளம்பி வந்துவிட்டாள்.

வெளியே வந்ததும் லூர்தம்மாள் அந்தக் கம்பெனி கேட்டில் இருக்கும் பெனிஷாவுக்குப் போன் செய்தார். கேட்டில் நிற்கிறவர்களுக்குள் ஒரு சொந்தம் உண்டு. அது எந்தக் கம்பெனியோடும் முடிகிற சொந்தமில்லை. அரை நிமிஷத்தில் பதில் வந்தது. உதிரி பாகம் வரவில்லை, இந்த வாரம் யாருக்கும் ஓ.டி. கிடையாது. சாம்சன் ஆறு பத்து பஸ்ஸில் ஏறிப் போனதைப் பெனிஷாவே பார்த்தாள்.

"அப்போ மூணு மணி நேரம் கணக்குல வரலை" என்றான் ஃபிரடி, ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டே. "புரிஞ்சிருச்சுக்கா. புருஷனே பிரவீனுக்கு வித்துட்டான். வீட்டுக்காரி நாப்பது நாளா ஒரு ஷூவைப் பாத்துக்கினு இருந்தா எந்த மனுஷன் தாங்குவான்?"

லூர்தம்மாள் பின்னால் உட்கார்ந்து அந்தச் சிவப்புத் துண்டை அவன் மூக்குக்கு முன்னால் நீட்டினார். அது ரெட் டேக். கம்பெனிகளில் மாதம் ஒரு நாள் சுத்தம் செய்யும் நாள் வரும். யாருக்கும் வேண்டாதது மாதிரி ஒரு சாமான் கண்ணில் பட்டால் இந்தச் சிவப்பு அட்டையைக் கட்டுவார்கள். கட்டியதைத் தூக்கி எறியக் கூடாது. தனியிடத்தில் வைத்து, பெரியவர்கள் முடிவு எழுதிக் கையெழுத்துப் போடும் வரைக்கும் காக்க வேண்டும்.

"சாமான் எங்கியோ பத்திரமா கீது. வண்டியை வல்லக்கோட்டைக்கு, சாம்சன் வூட்டுக்கு வுடு."

செவ்வாய்க்கிழமை என்பதால் முருகன் கோயில் பக்கம் கார்கள் அடைத்து நின்றன. சந்து வழியாகச் சுற்றி, மாடி வீடு ஒன்றின் முன் நிறுத்தினான். கதவைத் திறந்த சாம்சன் லுங்கியும் பனியனுமாக, தூக்கம் கலையாத கண்ணோடு நின்றான். செந்தாமரை அனுப்பினாள் என்று லூர்தம்மாள் சொன்னதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது.

"பாத்துட்டாளா மேடம்? இன்னா சொன்னா? சந்தோசப்பட்டாளா?"

துப்பறிகிறவர்கள் திருடன் ஓடிப் பார்த்திருக்கிறார்கள், அழுது பார்த்திருக்கிறார்கள். பாராட்டுக்குக் காத்து நிற்கிற திருடனை ஃபிரடி இப்போதுதான் பார்த்தான். 

விஷயம் இதுதான். எட்டு வருஷமாக ஜி.எம். ரவுண்ட்ஸ் வருவதைப் பார்த்தவன் சாம்சன். அந்த மனிதர் முதலில் தரையைப் பார்ப்பார். அடுத்து குப்பைக் கூடை எங்கே என்று பார்ப்பார். ஒரு ஸ்பேனர் இடம் மாறிக் கிடந்தால் திரும்பி நடந்துவிடுவார், அந்த லைனுக்கு அன்றைக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்டவர் தன் மனைவி வேலை செய்யும் இடத்துக்கு வருகிறார் என்றதும் சாம்சனுக்கு ராத்திரி ஷிஃப்டில் கை ஓடவில்லை. அவளுக்குச் சொல்லாமல் செய்து அசத்த வேண்டும் என்று ஓ.டி. பொய் சொல்லி, ஆறரை மணிக்கு ஷெட்டுக்குப் போய், இரண்டரை மணி நேரம் குனிந்த முதுகு நிமிராமல் சுத்தம் செய்திருக்கிறான். அவனுக்குத் தெரிந்த ஒரே முறையில், கம்பெனி முறையில். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இவனுக்குக் குரங்கு என்று சொல்லவும் யாரும் இல்லாததால், ஆசையாகப் பொட்டு வைத்து உட்கார வைத்துவிட்டான்.

சாமான் களவு போய்விட்டதென்று செந்தாமரை தவிக்கிறாள் என்று லூர்தம்மாள் சொன்னபோது அவன் அவசரமாகச் சட்டையை எடுத்து மாட்டினான். சாமான் எங்கே என்றதற்கு, மூட்டையாகக் கொண்டுவந்து அவள் கிளம்பியதும் அடுக்கியதாகச் சொல்லி மேலே கை காட்டினான்.

மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டி நிழலில் மஞ்சள் டேப் ஒட்டிய சதுரம். அதற்குள் நான்கு வரிசையாக இருபத்து மூன்று சாமான்கள், ஒவ்வொன்றிலும் நூல் கட்டிய சிவப்பு அட்டை. ஒரு அட்டை மட்டும் மூலை கிழிந்து, நூலுக்குப் பதில் ரப்பர் பேண்டில் தொங்கியது. பொருள், இடம், பயன், முடிவு என்று நாலு கட்டம். கம்பெனிக்காரன் ஒரு கட்டத்தையும் சும்மா விட மாட்டான். சாம்சன் குண்டு குண்டான எழுத்தில் நிரப்பியிருந்தான். ஃபிரடி குனிந்து கையுறையினுடையதைப் படித்தான்.

பொருள்: கையுறை, இடது. இடம்: கதவிலிருந்து நாலடி, கிழக்குச் சுவரிலிருந்து ஆறடி. பயன்: தெரியவில்லை. ஆனால் செந்தாமரை இதை மிதிக்காமல் சுற்றிப் போகிறாள்.

அடுத்தது டிபன் மூடி. பயன்: தெரியவில்லை. இதன் பக்கத்தில் உட்கார்ந்துதான் டீ குடிக்கிறாள்.

ஷூ. பயன்: கேட்டேன். இன்னும் தெரியலை என்றாள். அன்றைக்குச் சிரித்தாள்.

பஸ் ஜன்னல் ரப்பர். பயன்: தெரியவில்லை. போன மாசம் காய்ச்சலோடு வந்து இதை ஒரு விரல்கடை நகர்த்திவிட்டுத் திரும்பிப் போய்ப் படுத்தாள்.

இருபத்து மூன்றிலும் முடிவு என்ற கட்டம் மட்டும் காலி. லைன் லீடருக்கு முடிவெழுத அதிகாரம் கிடையாது என்றான் சாம்சன். வெயில் கண்ணைக் குத்துகிறது என்று ஃபிரடி யாரும் கேட்காமலே சொன்னான்.

இரண்டேகால் மணிக்கு எல்லாம் ஷெட்டுக்கு வந்து சேர்ந்தது. செந்தாமரை புருஷனைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவனுக்கு நன்றாக இருந்திருக்கும். அவன் அளவு டேப்பை எடுத்து, அட்டையில் எழுதியிருந்த இடத்தைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொன்றையும் பழைய இடத்திலேயே வைத்தான். அவள் நாற்பது நாள் பார்த்தும் நினைவில் வைத்துக்கொள்ளாத அளவுகள், அழித்தவன் கையில் அங்குல சுத்தமாக இருந்தன. அவள் அவன் பின்னாலேயே நடந்து அட்டைகளைப் படித்தாள். ஒன்பதாவது அட்டையில் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"நான் நகத்தினதெல்லாம் நீ பாத்துக்கினு இருந்தியா?"

"நைட் ஷிஃப்ட் போறப்ப டீ குடுக்க வருவேன்ல. அப்போ பாப்பேன்."

அவள் ஷூவின் அட்டையைத் தொட்டாள். அது கிடைத்துவிட்டது என்று மெதுவாகச் சொன்னாள். என்ன கிடைத்தது என்று ஃபிரடிக்குப் புரியவில்லை, ஆனால் அந்த முகத்தைப் பார்த்தால் புரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. இத்தனை நாள் வெறும் சாமானாகக் கிடந்ததற்குப் பக்கத்தில் ஒரு ஆள் வந்து நின்றுவிட்டதாம். சிற்பம் இப்படியேதான், அட்டையோடுதான் நிற்கப் போகிறதாம். தகரத்தில் இதே எழுத்தை வெட்டி ஒட்டுவாளாம்.

கேஸ் முடிந்தது என்று ஃபிரடி நோட்டை மூடினான். லூர்தம்மாள் மட்டும் ஒரு அட்டையைத் திருப்பி அதன் பின்பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையை அவன் அறிவான். வரிசையில் எண்ணூறு பேரில் ஒருத்தியின் கழுத்து திரும்பியிருக்கிறது.

"சாம்சன், இதுல நம்பர் அடிச்சிருக்கு. கம்பெனி டேக். கேட் பாஸ் போட்டு எடுத்தாந்தியா?"

 ஸ்டோரில் ஒரு கட்டு இருந்தது, எடுத்து வந்தேன் என்றான் சாம்சன்.

"அப்போ இந்தக் கேஸ்ல களவு போனது ஒண்ணே ஒண்ணுதான். இருபத்து மூணு அட்டை. பறிகொடுத்தவரு மூணு மணிக்கு வராரு."

 லூர்தம்மாள் தன் காலத்தில் நாலு ஸ்டிக்கரோடு பிடித்த ஒரு பெண்ணைப் பற்றிச் சொன்னார். தம்பி நோட்டில் ஒட்டக் கொண்டுபோனாள். சாயந்திரமே வேலை போய்விட்டது. பிடித்துக் கொடுத்தது தான்தான் என்று சொல்லும்போது அவர் குரல் சற்று இறங்கியது. விதி விதிதான். ஆனாலும் அந்தப் பெண்ணின் பெயர் இன்னும் மறக்கவில்லை.

செந்தாமரை எழுந்து கத்தரிக்கோலை எடுத்தாள். எல்லா அட்டையையும் அறுத்துவிடலாம் என்றாள். சாம்சன் குறுக்கே வந்தான். அறுக்க வேண்டாம், வேலை போனால் வேறு கம்பெனி பார்த்துக்கொள்கிறேன் என்றான். எட்டு வருஷ சர்வீஸை ஒரு சிற்பத்துக்காக விடுகிறவன் பைத்தியக்காரன் என்றாள் அவள். நாற்பது நாள் குப்பையைப் பார்க்கிறவளுக்கு அவன்தான் பொருத்தம் என்று ஃபிரடிக்குத் தோன்றியது. வாழ்க்கையில் முதல் தடவையாகத் தோன்றியதைச் சொல்லவில்லை.

அவள் கையுறையின் நூலை அறுத்தாள். அட்டை கையோடு வந்தது. தரையில் கிடந்ததைப் பார்த்தாள்.

"இப்போ இது வெறும் கையுறைக்கா."

அடுத்த நூலுக்குக் கை போகவில்லை. அதற்குள் வெளியே கார் வந்து நின்றது.

வெங்கடேசன் ஒல்லியான மனிதர், சட்டைப் பையில் மூன்று பேனா. உள்ளே வந்ததும் தரையைப் பார்த்தார். குப்பைக் கூடையைப் பார்த்தார். மஞ்சள் சதுரத்தைப் பார்த்ததும் புருவம் லேசாக ஏறியது. பிறகு சாமான்களுக்கு நடுவே நடக்க ஆரம்பித்தார். டிபன் மூடியின் அட்டையைப் படித்தார். ஜன்னல் ரப்பருக்கு வந்தார். ஷூவுக்குக் குனிந்தவர் நிமிர நேரமாயிற்று. 

"இது நம்ம டேக்" என்றார் திரும்பி. "யாரு எடுத்துட்டு வந்தது?"

சாம்சன் ஒரு அடி முன்னால் வைத்தான். லூர்தம்மாள் அவனுக்கும் முன்னால் வந்து நின்றார்.

"சார், ஒரு சந்தேகம். டேக்ல முடிவு எழுதாம, கையெழுத்து இல்லாம கெடந்தா ஆடிட்ல யாரு மேல தப்பு வெப்பாங்க?"

"பிளான்ட் ஹெட் மேல" என்றார் வெங்கடேசன், யோசிக்காமல். அது இருபது வருஷப் பழக்கத்தில் வந்த பதில். "அதாவது என் மேல."

"இருபத்து மூணும் காலியா கீது சார்."

அவர் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனதை ஃபிரடி பார்த்தான். காலிக் கட்டத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா போக அந்த மனிதரால் முடியாது. பேனா மூடியைக் கழற்றிய பிறகுதான் அவர் நின்று லூர்தம்மாளை ஏற இறங்கப் பார்த்தார். கையெழுத்து விழுந்துவிட்டால் அது எடுத்து வந்த அட்டை இல்லை, அவரே அனுமதித்த அட்டை என்பது அவருக்கும் அப்போது உறைத்திருக்க வேண்டும்.

"நீங்க எந்த கேட்ல இருந்தீங்கம்மா?"

லூர்தம்மாள் சொன்னார். அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அப்புறம் கால் மடக்கித் தரையில் உட்கார்ந்து, ஷூவின் அட்டையைத் தொடைமேல் வைத்து, முடிவு கட்டத்தில் எழுதினார்: இடம் மாற்றவும். புதிய இடம்: மெயின் கேட், உள்பக்கம். கீழே கையெழுத்து, தேதி. எழுந்து அடுத்ததற்குப் போனார். கையுறையிடம் வந்தபோது அட்டை எங்கே என்று கேட்டார். செந்தாமரை தன் கைக்குள் கசங்கியிருந்ததை நீட்டினாள். அதையும் கட்டச் சொன்னார்.

கடைசிக் கையெழுத்துக்குப் பிறகு பேனாவைப் பையில் செருகிக்கொண்டு, கிளம்பும்போது சாம்சன் பக்கத்தில் நின்றார். அடுத்த தடவை கேட் பாஸ் எழுதிவிட்டு எடு என்றார். மேலே எதுவும் சொல்லவில்லை. கார் போன சத்தம் தேய்ந்த பிறகுதான் சாம்சன் உட்கார இடம் தேடினான். ஃபிரடி ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டான்.

செந்தாமரைக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. முகத்தைத் துடைத்துக்கொண்டு புருஷன் முன்னால் போய் நின்றாள்.

"இனிமே இங்க ஒரு சாமானைத் தொடக் கூடாது. பெருக்கக் கூடாது, தொடைக்கக் கூடாது, டேப் ஒட்டக் கூடாது. கேக்குதா?"

சாம்சன் தலையாட்டினான். பயல் நிஜமாகவே பயந்துபோயிருந்தான்.

"நாளைக்கு ஷிஃப்ட் முடிஞ்சதும் வந்து என் பக்கத்துல ஒக்காரு. இன்னா தோணுதோ எழுது."